கை எட்டாத வயது

கள்ளக்குறிச்சி,
24-8-1987

பாவாயிக்கு,

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடே எழுதுகிறேன்.

கடலூரிலிருந்து நலத்துறை அதிகாரியின் அறிக்கை வந்துவிட்டது. இம்மாதம் பதினொன்றாம் தேதி நெல்லிவளவில் அவர் பார்த்த பதினான்கு பிள்ளைகளும் ஐந்து வயது நிறைந்தவர்களாம். ஐந்து நிறைந்தவர்களுக்கு மழலையர் வகுப்பு எதற்கு, ஒன்றாம் வகுப்புக்குப் போகட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்த அனுமதிக்காக நான் எத்தனை முறை கடலூருக்கு அலைந்தேன் என்பது உனக்குத் தெரியும். எங்கள் டவுன் பள்ளி உங்கள் மலையில் ஒரு மழலையர் வகுப்பு நடத்தினால், கட்டணம், பால், சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் எல்லாம் அரசு தரும். மூன்று வயது முடிந்து ஐந்து நிறையாத பிள்ளைகள் பன்னிரண்டு பேராவது வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. உங்கள் ஊர் ஆண்கள் சாமைக் கொல்லை வேலையை விட்டுவிட்டுக் கொட்டகை போட்டார்கள். அதில் பாடம் சொல்ல உன் பெயரை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

பிறந்த தேதி எழுதிய காகிதம் யாரிடமும் இல்லை. அதனால் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது. நமக்கு வேண்டியது எட்டாத கை. உங்கள் பிள்ளைகளோ ஒவ்வொருவராக வந்து, தலையைச் சாய்த்து, தோளைத் தூக்கி, காதைப் பிடித்துக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு அது தானாக வராது. யார் பழக்கியது?

செப்டம்பர் இருபத்தைந்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இல்லாவிட்டால் வகுப்பை வேறு மலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பதில் எழுது.

ராஜாம்பாள்


நெல்லிவளவு,
30-8-1987

டீச்சரம்மாவுக்கு பாவாயி எழுதிக்கொள்வது.

நான்தான் பழக்கினேன். வேறு யாரையும் தேட வேண்டாம்.

நீங்கள் ஆடி மாதம் போட்ட கார்டு என்னிடம் இருக்கிறது. 'அதிகாரி வந்து வயது பார்ப்பார். பிள்ளைகளைத் தயார் செய்து வை' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வயதுக்குத் தயார் செய்வது என்று அதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் வயது பார்ப்பது என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். கை காதைத் தொட வேண்டும்.

என் கதையைக் கேளுங்கள். கச்சிராயப்பாளையத்தில் அத்தை வீட்டில் என்னை விட்டுப் படிக்க வைக்கலாம் என்று அப்பா அழைத்துப் போனார். எனக்கு அப்போது ஐந்து முடிந்திருந்தது. அம்மா கணக்கு தப்பாது. ஆனால் நான் சூம்பிப்போய் இருந்தேன். கை எட்டவில்லை. "அடுத்த வருசம் இட்டுக்கினு வாய்யா" என்றார் வாத்தியார். அடுத்த வருடமும் எட்டவில்லை. அதற்கும் அடுத்த வருடம்தான் சேர்த்தார்கள். எட்டாவது படிக்கும்போது பெரியவளாகிவிட்டேன். படித்தது போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு வருடம் இருந்திருந்தால் பத்தாவது பரீட்சை எழுதியிருப்பேன். இருபது வருடமாக அந்தக் கையைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் பதினைந்து நாள் பழக்கினேன். கொல்லையிலிருந்து வந்த பொம்பளைகள் எல்லாரும் சுற்றி நின்று, "தலையச் சாய்டா, இன்னும் சாய், தோ எட்டிப்போச்சி பாரு" என்று ஒரே கூச்சல். என் மகள் சின்னக்கண்ணுதான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்குப் பதினான்கு பேரும் தொட்டதும் என் வீட்டுக்காரர் செல்லன் என்னைப் பார்த்து, "ஒண்ணுகூடத் தவறல, பாத்தியா" என்றார். நாங்கள் அன்றைக்கு வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தோம் டீச்சரம்மா.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். இரண்டாவது பிள்ளை காதைத் தொட்டபோது உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தீர்கள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

ஒன்றாம் வகுப்புக்குப் போகட்டும் என்று எழுதியிருக்கிறாராமே. ஆறு மைல் தள்ளி இருக்கிற ஓராசிரியர் பள்ளிக்கு மூன்றரை வயதுப் பிள்ளை எப்படிப் போகும் என்றும் எழுதியிருக்கிறாரா?

பாவாயி


கள்ளக்குறிச்சி,
5-9-1987

பாவாயிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கார்டில் எழுதியது என் தவறு. எனக்குத் தெரிந்த விதி உனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ கேட்ட கேள்வி அதைவிடக் கடினம். இரண்டாவது பிள்ளையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "சார், பழக்கியிருக்கிறார்கள், நிறுத்துங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பக்கத்தில் எங்கள் தாளாளர் வீரமுத்து நின்றார். ஜீப்பில் வரும்போதே, "மலைக்கெல்லாம் எதுக்கும்மா எல்.கே.ஜி., நாளைக்கு நம்ம டவுன் பசங்களோட ஒண்ணா ஒக்கார வைக்கச் சொல்லுவாங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தவர். ஏழாவது பிள்ளை தொட்டபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்குப் பயமாக இருந்தது. இந்த வேலை போனால் வேறு போக்கிடம் இல்லை என்று நாற்பத்து நான்கு வயதில் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். நீ கொடுத்த தண்ணீரையும் குடித்தேன். பி.ஏ. படித்தவள் நின்ற லட்சணம் இது.

வருத்தப்பட்டு எழுதுவதால் வகுப்பு திரும்ப வராது. நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு கடலூர் போய் அந்த அதிகாரியைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் வாய் மூடி நின்றதையும் சொன்னேன். முதலில் எரிச்சல்பட்டார். பிறகு, அரசு டாக்டர் பல்லையும் எலும்பையும் பார்த்து வயதுச் சான்று கொடுத்தால் அறிக்கையை மாற்றுவதாகச் சொன்னார். கெடு அதே இருபத்தைந்துதான்.

இங்கே அரசு மருத்துவமனை டாக்டரிடம் பேசிவிட்டேன். பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பதினான்கு பேரும் வர வேண்டும். தாளாளருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன்.

ராஜாம்பாள்


நெல்லிவளவு,
12-9-1987

டீச்சரம்மாவுக்கு,

வருகிறோம். எல்லாத் தாய்மாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் பதினேழாம் தேதி முதல் ஒரு வாரம் சாலை மறியல், ஒரு பஸ்கூட ஓடாது என்று மேலே வந்த நடத்துநர் சொல்லிவிட்டுப் போனார். இடஒதுக்கீடு கேட்டு மறியலாம். செல்லன், "மரத்த வெட்டிப் போடுவாங்களாம், கல்லு வுடுவாங்களாம், புள்ளைங்கள இட்டுக்கினு எங்கடி போற" என்கிறார். ஒரு வாரம் தள்ளினால் கெடு முடிந்துவிடும் என்றேன். "சரி, நானும் வரேன். ரெண்ட நான் தூக்கிக்கிறேன்" என்கிறார்.

பதினாறாம் தேதி கடைசி பஸ்ஸில் இறங்கி அத்தை வீட்டில் தங்குகிறோம். அங்கிருந்து மாட்டு வண்டி பேசச் சொல்லியிருக்கிறேன். கிளம்பிவிட்டால் திரும்பமாட்டோம். டாக்டர் இருக்கிறாரா என்று மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாவாயி


கள்ளக்குறிச்சி,
26-9-1987

அன்புள்ள பாவாயிக்கு,

தபால் நேற்றுதான் ஓடத் தொடங்கியது. நீங்கள் எல்லாரும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததை ஒரு லாரிக்காரர் மூலம் தெரிந்துகொண்டேன்.

பதினெட்டாம் தேதி நீங்கள் வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன். பத்து மணி போய், ஒன்று போய், இரண்டரைக்கு மருத்துவமனை வாசலில் உன்னைப் பார்த்தேன். வண்டி எங்கே என்றேன். "அது அப்பவே நின்னுபோச்சி, முதல்ல தண்ணி குடுங்க" என்றாய். வழியில் என்ன நடந்தது என்று நீ சொல்லவே இல்லை. எழுது.

மறியலில் என் தம்பி கொளஞ்சியப்பனும் இருந்தான். இப்போது கடலூர் சிறையில் இருக்கிறான். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனவர்களின் பெயர்களைப் பேப்பரில் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, அவன் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அம்மா சாப்பிட்டாள். சில ஊர்களில் சேரிக் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அவன் எந்தக் கூட்டத்தில் நின்றான் என்று அம்மா கேட்கவில்லை. நான் கேட்பேன். பி.எஸ்ஸி. முடித்து ஆறு வருடமாக வேலைக்கு மனுப்போடுகிறவன் அவன். பங்கு கேட்பதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவன் முட்டுவது கடைசிக் கதவை. உங்கள் பிள்ளைகளுக்கு முதல் கதவே இன்னும் திறக்கவில்லை.

இனி விஷயம். டாக்டர் சான்றுகள் கொடுத்துவிட்டார். பதினோரு பிள்ளைகள் ஐந்துக்குள். மூன்று பேர் ஐந்தைத் தாண்டியவர்கள். அந்த மூவரில் சின்னக்கண்ணுவும் ஒருத்தி. ஐந்தேகால் என்று எழுதியிருக்கிறார். பன்னிரண்டுக்கு ஒன்று குறைகிறது.

மறியலால் கெடுவை அக்டோபர் பதினைந்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் தேதி அதிகாரி மறுபடியும் வந்து தலை எண்ணுவார்.

எழுதத் தயங்கிக்கொண்டே எழுதுகிறேன். இந்த மாதிரிச் சான்றில் ஆறு மாதம் முன்பின் இருக்கலாம் என்று டாக்டரே சொன்னார். நான் கேட்டால் சின்னக்கண்ணுவுக்கு நாலே முக்கால் என்று மாற்றித் தருவார். அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் உன் கண்ணெதிரே உன் கொட்டகையிலேயே இருப்பாள். பன்னிரண்டும் நிறைந்துவிடும். சரி என்று ஒரு வார்த்தை எழுது, நாளைக்கே போகிறேன்.

ராஜாம்பாள்


நெல்லிவளவு,
2-10-1987

டீச்சரம்மாவுக்கு,

சின்னக்கண்ணு வயதை மாற்ற வேண்டாம்.

அவள் சித்திரையில் பிறந்தாள். இந்தச் சித்திரையோடு ஐந்து முடிந்தது. டாக்டர் மாதத்தில் கொஞ்சம் தவறினாலும் வருடத்தில் தவறவில்லை. நான் பெற்றவள், எனக்குத் தெரியாதா? இரண்டு நாள் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானே அ, ஆ சொல்லிக்கொடுத்து, வகுப்பும் கிடைத்து. ஆனால் நாலே முக்கால் என்று எழுதினால் அந்தக் காகிதம் அவள் கூடவே வரும். ஒன்றாம் வகுப்புக்கு ஒரு வருடம் கழித்துத்தான் போவாள். எட்டாவதில் என்னைப் போலவே நிற்பாள். என் இரண்டு வருடத்தை அந்த வாத்தியார் எடுத்துக்கொண்டார். இவளுடைய ஒரு வருடத்தை நான் எடுக்கமாட்டேன். அவள் இந்த வருடமே ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டும். அத்தை வீட்டில் விடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நீங்கள் பேசிக்கொடுங்கள். இதுதான் நான் உங்களிடம் கேட்பது.

பன்னிரண்டாவது பிள்ளையை நான் கண்டுபிடித்துவிட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாள் வீடு. அவள் மகள் சிவரஞ்சனி, பெயர் மட்டும் டவுன் பெயர். அவளைப் பெற்றது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில். மூன்று வயது மூன்று மாதம் என்று சொல்லச் சீட்டே இருக்கிறது. இந்த மலையில் சீட்டு இருக்கிற ஒரே பிள்ளை. முன்னே கேட்டபோது பச்சையம்மாள் முடியாது என்று சொல்லியிருந்தாள். நேற்று மறுபடியும் போனேன்.

"அடை மழையில ஓடை இன்னாமா போவுது, கண்ணால பாத்தவதானே நீ? புள்ள போயிடுச்சின்னா நீ குடுப்பியா?" என்றாள்.

"நான் வந்து தூக்கிக்கினு போறேன். நானே கொண்ணாந்து வுடுறேன்."

"எத்தினி நாளைக்கு?"

"அவ காலு தரைய எட்டுற வரைக்கும்."

"நீ இன்னா கவர்மெண்டு பஸ்ஸா?" என்று சிரித்தாள். பிறகு, "ஒரு நாளு நீ வரலன்னாலும் அன்னியோட நின்னுடும், சொல்லிட்டேன்" என்றாள். சரி என்றேன்.

மறியலைக் கேட்டீர்கள். கச்சிராயப்பாளையம் தாண்டி இரண்டு மைலில் ஒரு பெரிய புளியமரத்தைக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர். "பஸ்ஸே போவல, வண்டி கட்டிக்கினு எங்கம்மா கெளம்பிட்டீங்க?" என்றான் ஒருவன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க என்றேன். "இன்னிக்குத்தானா?" என்றான். "நாளு வச்சது நாங்க இல்ல, கவர்மெண்டு" என்றேன். இன்னொருவன், "எம்மாம் புள்ளைங்கடா, மொத்தமாவா பெத்தீங்க?" என்றான். "பதினாலு இருக்குது. எறக்கி எண்ணிக்க. எண்ணும்போது மூக்கையும் தொடச்சி வுடு" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கொஞ்சம் வயதானவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வண்டி போகாது, திரும்புங்கள் என்றார். அவரிடம், "நீங்க எதுக்குங்க மரத்த வெட்டினீங்க?" என்று கேட்டேன். "எங்க புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும்" என்றார். "எங்க புள்ளைங்களுதும் அதாங்க. இந்த மரத்துக்கு அந்தாண்ட இருக்குது" என்றேன். அவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு சின்னக்கண்ணுவைத் தூக்கினார். மற்றவர்களும் ஆளுக்கொன்றாகத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். வண்டியும் மாடும் இந்தப் பக்கமே நின்றுவிட்டன.

அடுத்த மறியலில் அப்படி இல்லை. ஒரு கல் வந்து செல்லன் தோளில் விழுந்தது. கரும்புத் தோட்டத்துக்குள் இறங்கி வாய்க்கால் ஓரமாகவே நடந்து வந்தோம். மலைச் சனமான எங்களுக்கும் ஒதுக்கீடு இருக்கிறது என்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்ததில்லை. அங்கே போகிற வழியும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி வாருங்கள். இந்த முறை தண்ணீர் நான் கொடுக்கமாட்டேன். நீங்கள் பேச வேண்டும்.

பாவாயி


கள்ளக்குறிச்சி,
24-10-1987

அன்புள்ள பாவாயிக்கு,

அனுமதி ஆணை வந்துவிட்டது. நெல்லிவளவு மழலையர் வகுப்பு, பன்னிரண்டு பிள்ளைகள், நவம்பர் முதல். உன் பெயர் ஆசிரியை என்ற இடத்தில் தட்டச்சில் இருக்கிறது. அனுப்பியிருக்கிறேன், பத்திரம்.

அன்றைக்கு அதிகாரி பதினொன்று வரை எண்ணிவிட்டு, "பன்னிரண்டாவது எங்கே" என்று கேட்டபோது ஓடைப் பக்கம் எல்லாரும் பார்த்தோம். நீ இடுப்பளவு தண்ணீரில் சிவரஞ்சனியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாய். தாளாளர் அவரிடம், "தினமும் இப்படி வருமா சார், ரெண்டு மாசத்தில் கொட்டகை காலியாகிடும்" என்றார். நான், "வரும் சார். காலியானால் முதலில் என்னைக் கேளுங்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றேன். போட்டும் கொடுத்தேன். கரையேறிக்கொண்டிருந்த நீ அதைக் கேட்டிருக்கமாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்குத் திரும்பியதும் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த ஜூனில் வேறு தலைமையாசிரியை பார்க்கலாம் என்றிருப்பதாகச் சொன்னார். பாருங்கள் என்றேன். பயம் இருக்கிறது. ஆனால் போன ஆகஸ்டில் இருந்த பயம் வேறு. அது என்னை வாய் மூட வைத்தது. இது ஜூன் வரைக்கும் எத்தனை முறை மலையேறலாம் என்று எண்ண வைக்கிறது.

கச்சிராயப்பாளையம் பள்ளிக்கு நேற்று போனேன். நடு வருடத்தில் சேர்ப்பதில்லை என்றார் தலைமையாசிரியர். சான்றைக் காட்டினேன். காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது என்றார். அவள் அரையாண்டு எழுதுவாள் என்றேன். நாளைக்கு வாருங்கள் என்றார். உட்கார்ந்தே இருந்தேன். மதிய உணவு மணியும் அடித்தது, கடைசி மணியும் அடித்தது. பள்ளியைப் பூட்டக் காவலாளி வந்து நின்ற பிறகுதான் தலைமையாசிரியர் பதிவேட்டை எடுத்தார். செ. சின்னக்கண்ணு, ஒன்றாம் வகுப்பு. நவம்பர் இரண்டு, திங்கட்கிழமை அவள் வர வேண்டும். நான் பள்ளி வாசலில் நிற்பேன்.

ஐந்து வயதில் அவளைப் பிரிந்திருக்க உன்னால் முடியுமா என்று கேட்க நினைத்தேன். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

உன்
ராஜாம்பாள்


நெல்லிவளவு,
2-11-1987

டீச்சரம்மாவுக்கு,

காலை ஆறரை பஸ்ஸில் சின்னக்கண்ணுவை ஏற்றிவிட்டேன். செல்லன் கூட வருகிறார். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே நீங்கள் அவளைப் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் எழுதத் தோன்றியது. கொட்டகையில் உட்கார்ந்து, ஆசிரியைக்கென்று நீங்கள் அனுப்பிய புது நோட்டில் முதல் தாளைக் கிழித்து எழுதுகிறேன்.

அவள் அழவில்லை. நான் அழுகிறேனா என்று பார்த்துக்கொண்டே படியேறினாள். சன்னலில் தலையை நீட்டி, "எம்மா, நீ அந்தப் புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுப்பியே, நான் இல்லாம அதுங்க உன் பேச்சக் கேக்குமா?" என்றாள். கேட்கும் என்றேன். "அடிக்காத" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை வருவாள். அதற்கு நடுவில் நான்கு ராத்திரி. அவ்வளவுதானே என்று நடந்து வரும்போது சொல்லிக்கொண்டே வந்தேன்.

ராத்திரி முழுக்க மழை. ஓடை மேலே ஏறியிருக்கிறது. இங்கே பதினொரு பேர் வந்துவிட்டார்கள். பாய் போட்டாயிற்று, பால் காய்ச்சியாயிற்று. சிவரஞ்சனி அந்தக் கரையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. பச்சையம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போய்த் தூக்கி வர வேண்டும். இதோடு நிறுத்துகிறேன்.

பாவாயி